அணைப்பு வாயுவை எதைக் கொண்டு அளப்பது? விமானச் சரக்கு அறைக்கான அளவீட்டு முறைகள் ஓர் ஒப்பீடு

பயணிகள் விமானத்தின் கீழ்த்தளச் சரக்கு அறையில் பறக்கும்போது தீ மூண்டால், யாரும் உள்ளே இறங்கிப்போய் அதை அணைக்க முடியாது. எச்சரிக்கை வந்தவுடன் அணைப்பு வாயுவைத் திறந்துவிட்டு, எட்டக்கூடிய விமான நிலையத்தை நோக்கித் திரும்புவதுதான் விமானி செய்யக்கூடியது. பெருங்கடலின் நடுவே அந்த விமான நிலையம் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கலாம். அதுவரை வாயு அறைக்குள் போதிய அளவில் நிற்க வேண்டும். ஹாலான் 1301 என்ற அணைப்பு வாயுவைப் பயன்படுத்தும் அமைப்புகளுக்கு, தொடக்கத்தில் அறைக் காற்றின் கன அளவில் 5 சதவீதம், பிறகு தரையிறங்கும் வரை 3 சதவீதத்துக்குக் குறையாமல் என்பது நெடுங்காலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரையறை. இந்த இரண்டு எண்களும் எட்டப்பட்டன என்பதைத் தரையிலும் பறப்பிலும் அளந்து காட்டினால்தான் விமானத்துக்குச் சான்று கிடைக்கும். எந்தக் கருவியால் அளப்பது என்ற முடிவைப் பற்றியதே இக்கட்டுரை. விமான உற்பத்தியாளரின் சோதனைப் பிரிவிலோ, சரக்கு அறையை மாற்றியமைக்கும் நிறுவனத்திலோ, தீப்பாதுகாப்பு ஆய்வகத்திலோ கருவி வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

இந்த முடிவு இப்போது புதிதாக எடுக்கப்பட வேண்டியதாகியிருப்பதற்குக் காரணம், ஹாலான் பயன்பாட்டிலிருந்து படிப்படியாக விலக்கப்படுவது. ஓசோன் படலத்தைச் சிதைக்கும் பொருட்களைக் கட்டுப்படுத்தும் 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, வளர்ந்த நாடுகளில் ஹாலான் உற்பத்தி 1994இன் தொடக்கத்திலும் வளரும் நாடுகளில் 2010இலும் நின்றது. இன்று விமானங்களில் இருப்பது பழைய இருப்பிலிருந்து மீட்டுச் சுத்திகரித்த வாயு. கழிவறைக் குப்பைத்தொட்டி, கைப்பிடி அணைப்பான், எஞ்சின் என்று ஒவ்வொன்றாக மாற்று வாயுவுக்கு நகரக் காலக்கெடு வைத்த பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பான இக்காவோ, மிகக் கடினமான சரக்கு அறையைக் கடைசியாக வைத்தது. 2024 நவம்பர் 28 முதல் சான்றுக்கு விண்ணப்பிக்கப்படும் புதிய விமான வகைகளின் சரக்கு அறையில் ஹாலான் இருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் ஏற்கெனவே பறப்பவற்றுக்கும் 2040 என்ற எல்லையை வைத்திருக்கிறது. ஹாலானுக்கென்றே வடிவமைத்து அளவுதிருத்தம் செய்யப்பட்ட கருவிகள் அடுத்த வாயுவை அளக்கப் போதுமா என்ற கேள்வியிலிருந்து இனி யாரும் தப்ப முடியாது.

மாற்று வாயுக்களின் விஷயத்தில் அளவீட்டின் துல்லியம் முன்பைவிடக் கூடுதல் பொருள் பெறுகிறது. அமெரிக்கக் கூட்டாட்சி விமான நிர்வாகம், அதாவது எஃப்ஏஏ, சரக்கு அறை வாயுக்களுக்கு வகுத்திருக்கும் குறைந்தபட்சச் செயல்திறன் சோதனைகளில், பயணப்பெட்டிக்குள் இருக்கும் ஏரோசால் குப்பி தீயில் வெடிப்பதைப் போலச் செய்து பார்ப்பதும் ஒன்று. ஹெச்எஃப்சி-125, 2-பிடிபி ஆகிய மாற்று வாயுக்களை அவ்வாறு சோதித்தபோது, போதிய செறிவுக்குக் கீழே இருந்தால் அவை வெடிப்பை அடக்காததோடு அழுத்தத்தை மேலும் கூட்டின. ஹாலானிடம் இந்தக் குணம் தென்படவில்லை. ஹாலான் அரை சதவீதம் குறைந்தால் பாதுகாப்பு சற்றுக் குறைகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது. இத்தகைய வாயுக்கள் குறைந்தால், நாம் நிரப்பியதே தீக்குத் துணைபோகும் நிலை வரலாம். கருவியின் பிழை எவ்வளவு என்பது இதனால் நேரடியாக உயிர்ப்பாதுகாப்புக் கேள்வியாகிவிடுகிறது.

இரண்டு இடங்கள், இரண்டு கேள்விகள்

விமானத்தில் அணைப்பு வாயு செறிவு அளக்கப்படும் முக்கிய இடங்கள் இரண்டு. அவற்றைக் குழப்பிக்கொண்டு ஒரே கருவியை வாங்குவதுதான் இத்துறையில் அடிக்கடி நிகழும் தவறு என்று நினைக்கிறேன்.

முதலாவது எஞ்சின் உறை. அங்கே காற்று இடைவிடாமல் ஓடிக்கொண்டிருப்பதால், குப்பியிலிருந்து பாயும் வாயு சில விநாடிகளில் வந்து கடந்துவிடும். எஃப்ஏஏ 1977இல் வெளியிட்ட ஏசி 20-100 என்ற வழிகாட்டி ஆவணத்தின்படி, ஹாலான் 1301 ஆனது அளவிடும் எல்லாப் புள்ளிகளிலும், வழக்கமாகப் பன்னிரண்டு புள்ளிகளில், ஒரே சமயத்தில் 6 சதவீதமாக அரை விநாடியேனும் நிற்க வேண்டும். 'ஒரே சமயத்தில்' என்பதுதான் இங்கே கடினமான நிபந்தனை. ஒரு புள்ளியில் வாயு உச்சத்தில் இருக்கும்போது மற்றொரு புள்ளியில் அது வடியத் தொடங்கியிருந்தால் சோதனை தோல்வி. ஆகவே கருவிக்கு வேகமும் எல்லாத் தடங்களுக்கும் பொதுவான கால ஒத்திசைவும் வேண்டும். நீண்டகால நிலைத்தன்மை இங்கே பெரிய பொருட்டல்ல.

இரண்டாவது சரக்கு அறை. இங்கே காட்சி நேர் எதிர். முதல் குப்பி விரைவில் காலியாகிச் செறிவு உயரும். பிறகு கதவுச் சீல்கள் வழியாகவும் தரைப்பலகை இடுக்குகள் வழியாகவும் வாயு கசியக் கசிய, இரண்டாவது குப்பி மெல்ல மெல்ல விட்டு ஈடுசெய்யும். ஹாலானின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 149; காற்றுக்கு 29. ஐந்து மடங்கு கனமான வாயு மெல்லக் கீழிறங்கிப் படிவதால், கூரையருகே இருக்கும் பெட்டிகள்தாம் முதலில் பாதுகாப்பை இழக்கின்றன. இங்கே கருவி மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ நகராமல் உண்மை சொல்ல வேண்டும். பல உயரங்களில் அளக்க வேண்டும். ஒன்றிரண்டு விநாடித் தாமதத்தால் எதுவும் கெட்டுவிடாது.

நிலைத்த பழைய முறை

எஞ்சின் உறைக்கு நெடுங்காலமாகப் பயன்படுவது அழுத்த வேறுபாட்டை அளக்கும் கருவி. ஸ்டாதம் பகுப்பான் என்ற பெயரிலும், பின்னாளில் ஹாலோனைசர் என்ற பெயரிலும் அறியப்பட்டது. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மெல்லிய குழாய் வழியாக வெற்றிடப் பம்பு காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று ஒரே வெப்பநிலைக்குச் சூடாக்கப்பட்டு, நுண்துளை அடைப்பின் வழியே செலுத்தப்படுகிறது. காற்றில் கனமான வாயு கலந்தால் கலவையின் பாகுநிலையும் அடர்த்தியும் மாறுகின்றன. அடைப்பின் இரு பக்கமும் உள்ள அழுத்த வேறுபாடும் அதற்கேற்ப மாறுகிறது. அந்த மாற்றத்தைச் செறிவாக வாசிக்கிறோம். கொள்கை எளியது, பல தடங்களை ஒன்றாக ஓட்டலாம், எல்லாக் குழாய்களையும் ஒரே நீளத்தில் வெட்டிவிட்டால் தாமதமும் ஒன்றாகவே இருக்கும். சான்றளிக்கும் அதிகாரிகளுக்கு இதன் வரைபடங்களைப் பார்த்துப் பழக்கம் இருக்கிறது என்பது சிறிய ஆதாயமன்று. புதிய கருவி ஒன்றைக் கொண்டுபோனால், அது அளக்கும் எண்ணை நம்பலாம் என்று மெய்ப்பிப்பதே தனியொரு பணியாகிவிடும்.

ஆனால் இந்தக் கருவிக்கு வாயுவின் அடையாளம் தெரியாது. காற்றைவிடக் கனமான ஏதோ ஒன்று கலந்திருக்கிறது என்றுதான் அதற்குத் தெரியும். காற்றோடு ஒரே ஒரு வாயு கலந்திருக்கும்வரை அது போதும். 2-பிடிபியும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்த கலவை சரக்கு அறைக்கான மாற்றாக இப்போது முன்வைக்கப்படுகிறது. அதை இந்தக் கருவியில் செலுத்தினால், தெரியாத அளவுகள் இரண்டு இருக்க, கையில் கிடைப்பது ஓர் எண் மட்டுமே. இரண்டு வாயுக்களும் குப்பியில் இருந்த அதே விகிதத்தில்தான் அறை முழுவதும் பரவியிருக்கின்றன என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஒத்துவரும். ஆனால் 2-பிடிபி 34 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவம், கார்பன் டை ஆக்சைடு சாதாரண வெப்பநிலையில் வாயு; அவை எப்போதும் கைகோத்தே நடக்கும் என்று முன்கூட்டியே முடிவுசெய்வது, எதை மெய்ப்பிக்க வந்தோமோ அதையே தொடக்கத்தில் எடுத்துக்கொள்வதாகும்.

குழாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உறிஞ்சி அளக்கும் எல்லாக் கருவிகளுக்கும் இது பொது. உள்விட்டம் 4 மில்லிமீட்டரும் நீளம் 10 மீட்டரும் கொண்ட ஒரு குழாயில் அடங்கும் கன அளவு ஏறக்குறைய 126 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 1 லிட்டர் இழுத்தால், முனையில் நுழைந்த காற்று கருவியை அடைய ஏழரை விநாடி ஆகிறது. வழியில் அதன் முன்விளிம்பு மழுங்கியும் போகிறது. எஞ்சின் உறைச் சோதனையில் இது தாங்காது என்பதால், அங்கே குழாயைச் சுருக்கி ஓட்டத்தைக் கூட்டுகிறார்கள். சரக்கு அறையில் வேறொரு சிக்கல். பன்னிரண்டு குழாய்கள் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் மூன்று மணி நேரம் இழுத்தால், 2 கன மீட்டருக்குச் சற்று அதிகமான காற்று அறையை விட்டு வெளியேறுகிறது. எஃப்ஏஏ சோதனை அறையின் கன அளவு 2,000 கன அடி, அதாவது 56.6 கன மீட்டர். அதில் இது கிட்டத்தட்ட 4 சதவீதம். அளப்பதற்காக எடுத்ததே கசிவாகிக் கணக்கில் சேர்ந்துவிடும். பகுத்த காற்றை அறைக்கே திருப்பி அனுப்பினால் சிக்கல் தீரும். சோதனைத் திட்டத்தை எழுதும்போதே இதை எழுதிவைத்துவிடுவது நல்லது.

அகச்சிவப்பு எதைப் பார்க்கிறது

அகச்சிவப்பு முறைகளின் பலம், வாயுவின் அடையாளத்தை அறிவதில் இருக்கிறது. ஒரு மூலக்கூறின் அணுக்கள் அதிரும்போது அதன் மின் இருமுனைத் திருப்புத்திறன், அதாவது மின்னூட்டம் இரு முனைகளாகப் பிரிந்து நிற்கும் அளவு, மாறினால், அந்த அதிர்வுக்குரிய அலைநீளத்தில் அது ஒளியை விழுங்கும். கார்பன்-ஃபுளோரின் பிணைப்பு இவ்விஷயத்தில் மிகப் பேராசை கொண்டது. ஹாலான் 1301 ஏறக்குறைய 8.3 மைக்ரோமீட்டரிலும் 9.2 மைக்ரோமீட்டரிலும் பலமாக விழுங்குகிறது. ஃபுளோரின் சேர்ந்த மாற்று வாயுக்களும் அந்த வட்டாரத்திலேயே விழுங்குகின்றன. கார்பன் டை ஆக்சைடு 4.26இல், கார்பன் மோனாக்சைடு 4.67 அருகில். நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே வகை அணு இரண்டு சேர்ந்தவை என்பதால் இந்த முறைக்கு அவை கண்ணுக்கே தெரிவதில்லை. இதனால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு: காற்று குறுக்கே நிற்பதில்லை, ஆனால் நைட்ரஜனை நிரப்பித் தீயை அடக்கும் அமைப்பை இந்த வழியில் அளக்கவே முடியாது.

இதன் எளிய வடிவம் என்டிஐஆர் எனப்படும் பிரிகையற்ற அகச்சிவப்பு முறை. ஒரு சூடான ஒளிமூலம், வாயு நிறைந்த சிறிய பாதை, குறித்த அலைநீளத்தை மட்டும் விடும் வடிப்பான், பின்னால் ஒரு கண்டறிவான். அதன் அருகிலேயே எந்த வாயுவும் விழுங்காத, ஏறக்குறைய 3.9 மைக்ரோமீட்டரில் பார்க்கும் இன்னொரு கண்டறிவான். இரண்டின் விகிதத்தை எடுப்பதால் விளக்கு மங்குவது, சன்னலில் புகை படிவது, பனிப்புகை கடந்துபோவது போன்றவை பெருமளவு கழிந்துவிடுகின்றன. நகரும் பாகம் இல்லாமலே செய்யலாம். கைக்குள் அடங்கும் அளவில் செய்யலாம். எனவே குழாயே இல்லாமல் உணரியை அறைக்குள் கூரையருகேயும் நடுவிலும் தரையருகேயும் நேரடியாகக் கட்டிவிடலாம். மேலே சொன்ன தாமதமும் கசிவும் இங்கே இல்லை. கலவையாக இருந்தால், கார்பன் டை ஆக்சைடுக்கு ஒரு வடிப்பான், ஃபுளோரின் வாயுவுக்கு ஒரு வடிப்பான் என்று பிரித்தே அளக்கலாம். பழைய கருவி தடுமாறும் இடத்தில் இது தெளிவாக விடை தருகிறது.

வேகத்திலும் இது பின்தங்கவில்லை. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், ஹாலானுக்கு மாற்றுத் தேடிய பாதுகாப்புத்துறைத் திட்டத்தின் பகுதியாக, பத்து மில்லிவிநாடி அளவிலான வேகத்தை இலக்காகக் கொண்டு அகச்சிவப்பு உணரி ஒன்றை உருவாக்கியது. எஞ்சின் உறைச் சோதனைக்கும் அகச்சிவப்பு பொருந்தும் என்பதற்கு அது சான்று. ஆனால் சந்தையில் கிடைக்கும் சாதாரண என்டிஐஆர் உணரிகள் கட்டட வாயுக் கண்காணிப்புக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் மறுவினை பல விநாடிகள். அட்டவணையில் 'அகச்சிவப்பு' என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கிவிடாமல், தொண்ணூறு சதவீத அளவை எட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்ற ஒரே எண்ணை முதலில் கேளுங்கள்.

என்டிஐஆரில் ஏமாந்துபோகும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஒளிப்பாதையின் நீளம். பாதை நீளமானால் உணர்திறன் கூடும் என்று பாடப்புத்தகம் சொல்வது, மிகச் சிறு அளவுகளைத் தேடும்போது சரி. இங்கே தேடுவது 3 முதல் 6 சதவீதம். ஒளியை விழுங்கும் அலைநீளப் பட்டையோ மிகப் பலமானது. சில சென்டிமீட்டர் பாதையே மிகையாகி, பட்டையின் நடுவில் ஒளி முழுவதும் விழுங்கப்பட்டுவிடும். அதன்பின் செறிவு கூடினாலும் கருவிக்கு வேறுபாடு தெரியாது. பாதையைச் சில மில்லிமீட்டராகச் சுருக்க வேண்டும். அல்லது வடிப்பானைப் பட்டையின் ஓரத்துக்கு நகர்த்த வேண்டும்.

இரண்டாவது, இன்னும் முக்கியமானது: அழுத்தம். விதிமுறை கேட்பது கன அளவுச் சதவீதம். அகச்சிவப்பு ஒளி எண்ணுவது தன் பாதையில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன என்பதை. பறக்கும் விமானத்தில் உள்ளழுத்தம் 8,000 அடி உயரத்துக்கு ஈடாக, ஏறக்குறைய 75 கிலோபாஸ்கலாக இருக்கலாம். தரையில் அளவுதிருத்தம் செய்த உணரியை அப்படியே மேலே கொண்டுபோனால், உண்மையில் 5 சதவீதம் இருக்கும் வாயுவை அது 3.7 சதவீதம் என்றுதான் சொல்லும். வெப்பநிலையும் இதேபோல: அறை 25 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதே சதவீதத்துக்கு மூலக்கூறு அடர்த்தி ஏழு சதவீதம் கூடுகிறது. ஒவ்வோர் உணரியின் அருகிலும் அழுத்தமும் வெப்பநிலையும் அளந்து திருத்தினால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். அழுத்தம் குறையும்போது நிறமாலைக் கோடுகளின் அகலமும் மாறுவதால் வெறும் விகிதக் கணக்கு முழுமையாகப் போதாது. கார்பன் டை ஆக்சைடில் இது கூடுதலாகத் தெரியும். அழுத்தத்தைக் குறைக்கக்கூடிய கலத்தில் வைத்து அளவுதிருத்தம் செய்யாத உணரியைப் பறப்புச் சோதனைக்கு நான் ஏற்கமாட்டேன்.

இன்னொரு சிறு எச்சரிக்கை, 2-பிடிபி, நோவெக் 1230 போன்று திரவமாகச் சேமிக்கப்படும் பொருட்களுக்கு: திறந்த முதல் விநாடிகளில் அவை துளிகளாகவும் பறக்கின்றன. உறிஞ்சும் குழாய்க்குள் துளி புகுந்தால் அது உள்ளே ஆவியாகிப் பொய்யான உச்சத்தைக் காட்டும். என்டிஐஆர் பாதையில் துளி வந்தால் ஒளியைச் சிதறடிக்கும். குழாய் முனையைத் தெளிப்பானின் நேர் எதிரில் வைக்காமலிருப்பது எளிய தீர்வு.

விலையுயர்ந்த வழிகளும் மலிவான குறுக்கு வழியும்

ஃபூரியர் உருமாற்ற அகச்சிவப்பு நிறமாலைமானி, சுருக்கமாக எஃப்டிஐஆர், ஒரு வடிப்பானுக்குப் பதிலாக முழு நிறமாலையையும் பார்க்கிறது. தீயோடு நடத்தும் சோதனையில் இதற்கு ஈடு கிடையாது. ஃபுளோரின் வாயுக்கள் தீயில் சிதைந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உருவாகிறது. புரோமின் இருந்தால் ஹைட்ரஜன் புரோமைடும். இவற்றோடு கார்பன் மோனாக்சைடையும் எரிபொருளின் மிச்சத்தையும் ஒரே வீச்சில் பிரித்துக் காட்டக்கூடியது எஃப்டிஐஆர். ஆனால் நல்ல பிரிதிறனுக்கு விநாடிக்கணக்கில் சராசரி எடுக்க வேண்டும். நகரும் கண்ணாடி அதிர்வை வெறுக்கும். ஒரு கருவியால் பன்னிரண்டு புள்ளிகளை மாற்றி மாற்றித்தான் பார்க்க முடியும். ஹைட்ரஜன் ஃபுளோரைடு குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்வதால் சூடாக்கிய குழாயும் தேவை. ஆய்வகத்தில் ஒப்புநோக்குக் கருவியாக ஒன்று இருக்கட்டும். அதைப் பறப்புச் சோதனைக்கு ஏற்றுவது வீண் துன்பம்.

லேசர் முறையைப் பற்றி இப்போது பேச்சு அதிகம். மிகக் குறுகிய அலைநீளத்தில் ஒளிரும் டையோடு லேசரை ஒரு தனி நிறமாலைக் கோட்டின் மேல் நகர்த்தி அளப்பது அதன் வழி. ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற சிறிய மூலக்கூறுகளுக்கும், 760 நானோமீட்டரில் ஆக்சிஜனுக்கும் அது அருமையாகப் பொருந்துகிறது. ஹாலானோ அதன் மாற்றுகளோ கனமான மூலக்கூறுகள். அவற்றின் பட்டை தனித்தனிக் கோடுகளாகப் பிரியாமல் ஒரு மேடாகப் படர்ந்து கிடக்கிறது. ஏறி இறங்கக் கோடே இல்லாத இடத்தில் லேசரின் கூர்மையால் பயனில்லை. அணைப்பு வாயுவை அளக்க லேசர் கருவி விற்க வருபவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். நைட்ரஜனால் ஆக்சிஜனைக் குறைக்கும் அமைப்பாக இருந்தால் மட்டும் நிலை தலைகீழாகிறது. அங்கே லேசரோ சிர்கோனியா ஆக்சிஜன் உணரியோதான் வழி, மற்ற அகச்சிவப்பு முறைகளுக்கு வேலையே இல்லை.

மலிவான குறுக்கு வழி ஒன்றும் உண்டு. அணைப்பு வாயுவை நேரடியாக அளக்காமல், ஆக்சிஜன் எவ்வளவு நீர்த்துப்போயிருக்கிறது என்பதை அளந்து பின்கணக்குப் போடுவது. 5 சதவீத ஹாலான் நுழைந்தால் ஆக்சிஜன் 20.9இலிருந்து 19.9க்கு இறங்கும். அதாவது ஆக்சிஜன் அளவீட்டில் 0.1 பிழை இருந்தால், ஹாலான் கணக்கில் அது 0.5 ஆக ஐந்து மடங்கு பெருகி நிற்கும். 3 சதவீதம் என்ற எல்லைக்கு மேலும் கீழும் அரை சதவீதம் தெரியாது என்றால் அந்த அளவீட்டால் என்ன பயன்? தீ எரியும் சோதனையில் தீயே ஆக்சிஜனைத் தின்பதால் கணக்கு இன்னும் கெடும். இந்த வழியை ஹாலான் வகை வாயுக்களுக்கு முற்றாக ஒதுக்கிவிடலாம்.

விமானத்திலேயே நிரந்தரமாகப் பொருத்தினால்

இதுவரை சொன்னது சோதனைக் கருவி. அதே அகச்சிவப்பு உணரியைச் சரக்கு அறையில் நிரந்தரமாக வைத்து, செறிவு குறைந்தால் மட்டும் வாயுவை விடலாமே என்ற யோசனை கவர்ச்சியானது. எடை குறையும், வாயு மிச்சப்படும். எனினும் எனக்கு இதில் இப்போதைக்கு நம்பிக்கையில்லை. இன்றைய அமைப்பில் இரண்டாவது குப்பி நிலையான ஓட்டத்தில் தானாக வடிகிறது. கெட்டுப்போக அதில் பெரிதாக ஏதும் இல்லை. உணரி நடுவே வந்தால், அது தவறுதலாக அதிகமாகக் காட்டி வாயுவை நிறுத்திவிடும் வாய்ப்பு எவ்வளவு அரிது என்பதை மெய்ப்பிக்க வேண்டிவரும். பெட்டிகள் இடிக்கும், தூசியும் ஈரமும் நிறைந்த அறையில் பல ஆண்டுகள் அளவுதிருத்தம் நகராமல் இருக்க வேண்டும். எடையிலும் வாயுவிலும் கிடைக்கும் சிக்கனம் அந்தப் பொறுப்புக்கு ஈடாகாது.

தீயைக் கண்டறியும் வேலையில் அகச்சிவப்பு வாயு உணரியை அமர்த்துவது வேறு கதை. அதை நான் ஆதரிக்கிறேன். 1996 மே 11 அன்று ஃபுளோரிடாவில் வேலுஜெட் 592 விமானம் சரக்கு அறைத் தீயால் விழுந்து 110 பேர் இறந்தபோது, அந்த அறையில் புகை உணரியும் இல்லை, அணைப்பு வாயுவும் இல்லை. காற்றுப்புகாமல் மூடினால் ஆக்சிஜன் தீர்ந்து தீ தானே அணையும் என்பது அந்த 'டி' வகை அறையின் தத்துவம். உள்ளே இருந்தவையோ தாமே ஆக்சிஜன் உண்டாக்கும் சாதனங்கள். அதன் விளைவாக 1998இல் வந்த விதி, அமெரிக்கப் பயணிகள் விமானங்களில் இத்தகைய அறைகளுக்குக் கண்டறிதலையும் அணைத்தலையும் 2001 மார்ச்சுக்குள் கட்டாயமாக்கியது. தீ தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் எச்சரிக்கை வர வேண்டும் என்பதும் விதி. அந்த ஒரு நிமிடத்தைப் பிடிக்க ஒளிச்சிதறல் புகை உணரிகளைக் கூர்மையாக வைக்க நேர்ந்ததால், தூசியும் காய்கறி, பூக்கள் வெளிவிடும் ஈரமும்கூடப் புகையாகத் தெரியத் தொடங்கின. வரும் எச்சரிக்கைகளில் மிகப்பெரும்பாலானவை பொய்யானவை. 2015 அக்டோபரில் ஆஸ்திரேலியாவிலிருந்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட செம்மறியாடுகளோடு கிளம்பிய சரக்கு விமானம் ஒன்று புகை எச்சரிக்கையால் பாலித் தீவில் இறங்கியது. தீ எதுவும் இருக்கவில்லை, ஆடுகளின் கழிவும் அவை வெளிவிட்ட வாயுவுமே காரணம் என்று செய்திகள் வந்தன. சிரிப்புக்குரியதாகத் தோன்றினாலும், பயணிகள் விமானத்தில் இப்படி நடந்தால் அணைப்பு வாயு முழுவதும் செலவாகிவிடும்; அவசரத் தரையிறக்கத்துக்கே உரிய ஆபத்துகளும் சேரும்.

புகை உணரியோடு வாயு உணரியும் 'ஆம்' சொன்னால் மட்டும் எச்சரிக்கை என்றால் இது குறையும். எந்த வாயு என்பதில்தான் தேர்வு. கார்பன் டை ஆக்சைடு அளக்க எளிது, உணரி மலிவு. ஆனால் உலர்பனிக்கட்டியில், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடில், வைத்து அனுப்பும் மீனும் தடுப்பூசியும் உயிருள்ள விலங்குகளும் அதை ஓயாமல் வெளிவிடுகின்றன. ஆடுகளைப் பொறுத்தவரை அது இன்னொரு பொய்சாட்சிதான். கார்பன் மோனாக்சைடு 4.67 மைக்ரோமீட்டரில் பலவீனமாகவே விழுங்குவதால் நீண்ட பாதை வேண்டும், விலை கூடும். ஆயினும் எரியாமல் புகையும் அட்டைப்பெட்டியும் துணியும் முதலில் வெளிவிடுவது அதைத்தான், சாதாரணச் சரக்கு அதை வெளிவிடுவதில்லை. கூடுதல் விலையைக் கொடுத்துக் கார்பன் மோனாக்சைடையே தேர்ந்தெடுக்கலாம்.

எதை வாங்குவது

ஹாலானை வைத்தே ஓடும் பழைய வகை விமானத்தின் எஞ்சின் உறையைச் சோதிக்க வேண்டுமானால், அழுத்த வேறுபாட்டுக் கருவியை மாற்றக் காரணம் இல்லை. அது ஒரே வாயு, அதிகாரிகள் அறிந்த வரைபடம், குறுகிய நேரச் சோதனை. வாடகைக்குக் கிடைத்தால் வாங்கவும் வேண்டாம்.

சரக்கு அறைக்கும், மாற்று வாயு எதுவாக இருந்தாலும் அதன் எஞ்சின் உறைச் சோதனைக்கும், அறைக்குள் நேரடியாகப் பொருத்தும் பலதட என்டிஐஆர் உணரிகளையே பரிந்துரைக்கிறேன். நைட்ரஜன் அமைப்பு மட்டும் விலக்கு. எஞ்சின் உறைக்கு வேகமான வகை, சரக்கு அறைக்கு நிலைத்தன்மை மிக்க வகை என்று இரண்டாக வாங்க நேரும். ஒன்றை வைத்து இரண்டையும் சமாளிக்க முயல்வது இரண்டு சோதனையையும் சந்தேகத்துக்குள்ளாக்கும். அதிகாரிகளின் ஒப்புதலுக்கு, முதல் சில சோதனைகளிலேனும் புதிய உணரியையும் பழைய கருவியையும் ஒரே புள்ளியில் அருகருகே வைத்து ஹாலானிலோ தனி வாயு ஒன்றிலோ ஓட்டி, இரண்டின் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதைக் காட்டுவதே குறுகிய வழி.

உணரிகளை ஒப்புக்கொள்ளும்போது, எடைபோட்டுத் தயாரித்த கலவைக் குப்பிகளால் அளவுதிருத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். பூஜ்யத்திலும் 5 சதவீதத்திலும் மட்டும் பார்த்துவிட்டு நடுவில் நேர்கோடு போடுவது பலரது வழக்கம். அகச்சிவப்பு உட்கவர்தல் நேர்கோட்டில் செல்வதில்லை. ஹாலானுக்கானால் 2.5, 3, 3.5 சதவீதங்களில் மூன்று தனிக் குப்பிகள் வேண்டும். மாற்று வாயுவானால் அதற்குரிய குறைந்தபட்சச் செறிவைச் சுற்றி அதேபோல நெருக்கமாக. ஒவ்வொன்றையும் தரையழுத்தத்திலும் 75 கிலோபாஸ்கலிலும், அறை வெப்பத்திலும் குளிரிலும் செலுத்திப் பார்த்து, அந்த முடிவுகளை உணரியின் வரிசை எண்ணோடு சேர்த்துச் சோதனை ஆவணத்தில் வைக்கச் சொல்லி, வாங்கும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.